சிவப்புச் சாயம் பூசிய ஆணி

ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீப்ஸ் மற்றும் அக்கம்பக்கத்துச் சுரங்கவாசிகள் சகலருக்கும் இதனால் பகிரங்கமாக அறிவிக்கப்படுவது யாதெனில், மோட்டார் வண்டியின் முன்பக்கத்தில் குலுக்கலைத் தாங்குகிற கமான் பட்டையைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற ஆணி, மனிதனுடைய கட்டைவிரல் பருமன்தான் இருக்கும்.

இது தமுக்கு அடித்துச் சொல்லவேண்டிய சங்கதியா என்று நீங்கள் நினைக்கலாம், மாஜிஸ்ட்ரேட் ஐயா. எங்கள் ஊரில் இதைவிட அற்பமான சங்கதிக்கெல்லாம் தமுக்கு அடித்திருக்கிறார்கள். உங்கள் குமாஸ்தா என்னைக் கண்டதும் படிவத்தை விரித்து, பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, மதம் என்ன என்று ஆரம்பித்தார். அதையெல்லாம் கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம், முதலில் விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். யாரும் என்னைப் பிடித்துவரவில்லை. ரயில் ஏறி நானே கோலாருக்கு வந்தேன். போலீஸ் ரிப்போர்ட்டில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தவேண்டும். அவ்வளவுதான் நான் வந்த காரியம்.

நான் ஒரு தங்கச் சுரங்கத்தின் பட்டறையில் பிட்டர் மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷ வேலை. ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜ், அதன் கொக்கி, சங்கிலி, ஆணி எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் ஷாப்ட்டுக் குழிக்குள் போகும். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தேய்ந்துபோன உருப்படியைக் கழற்றியதும் அதன்மேல் சிவப்புச் சாயம் பூசிவிடுவோம். சிவப்பு பூசிவிட்டால் அது செத்த சாமான். மறுபடி மாட்டக் கூடாது. சூப்பரின்டென்டன்ட் துரையே நேரில் வந்து கேட்டாலும் மாட்டக் கூடாது. சாய டப்பாவும் பிரஷும் என் கையில். பெரிய அதிகாரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் சுரங்கத்தில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

கன்டிராக்டர் சம்பங்கியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அவரே ஆள் அனுப்பித் தெரியப்படுத்தியிருப்பார். வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு ஆள் கொண்டுவந்து விடுகிறவர். ஊருக்குக் கிளம்பிப்போன ஒரு இஞ்சினியர் துரையிடமிருந்து அவர் மோட்டார் வண்டி ஒன்றை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து மனிதர் தரையில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. நாலு வீடு தள்ளி முடிவெட்டிக்கொள்ளவும் மோட்டாரில்தான் போவார். முன்னால் ஒரு ஆள் தமுக்கு அடித்துக்கொண்டு நடப்பான். "கன்டிராக்டர் ஐயா மோட்டார் வருது, ஒதுங்கு, ஒதுங்கு." தமுக்குக்காரன் நடக்கிற வேகத்தில்தான் மோட்டார் போகும். வழியில் அவன் நின்று வெற்றிலை போட்டால் மோட்டாரும் நிற்கும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா.

அந்த வண்டியை வேலை நேரம் போக நான்தான் பார்த்துக்கொண்டேன். ஓட்டுகிறவன் துரை என்கிற ஆள். நல்லவன். வண்டியைப் பற்றித் தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதவன். ஆவணி மாதம் ஒரு நாள், வண்டி இடதுபுறமாகவே இழுக்கிறது என்று அவன் சொன்னான். நான் கீழே படுத்துப் பார்த்தேன். முன் கமான் பட்டை ஆணிகள் நாலும் தேய்ந்திருந்தன. இடதுபுற முன் ஆணி பாதிக்குமேல் இல்லை. எலி கடித்த கரும்பு மாதிரி இருந்தது.

"கன்டிராக்டரய்யா, இந்த ஆணி பாதி தின்னுபோச்சு. மாத்தணும். இல்லன்னா ஒருநா ஒடையும்."

"தின்னுபோச்சா? நானாய்யா தின்னேன்?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் வீட்டில் கூட நிற்பவர்களுக்கு அதுதான் வேலை.

மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் சிரித்தார்கள். கடைசியில் காரியத்தைச் சாதித்தது அவருடைய சம்சாரம் பார்வதம்மாதான். அந்த அம்மா அதுவரை மோட்டாரில் ஏறியதே இல்லை.

"ஆயிரம் பேரு எறங்குற கேஜுக்கு சாமான் பாக்குறவரு அவரு. அவுரு பேச்சுக்கு இந்த ஊட்டுல மரியாத இல்லன்னா அந்த வண்டி எனக்கு வாணாம். மேஸ்திரியண்ணன் சரின்னு சொன்னாதான் நான் ஏறுவேன்" என்று உள்ளேயிருந்து சொன்னார். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

கன்டிராக்டர் இறங்கிவந்தார். சம்மதத்துக்கு இறங்கினாரே தவிர வண்டியிலிருந்து இறங்கவில்லை. வேலை அவர் வீட்டு வண்டிக் கொட்டகையிலேயே நடந்தது. பின் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, முன் சட்டத்தை ஜாக்கியால் தூக்கி, தண்டவாளக் கட்டைகளை அடுக்கி அதன்மேல் உட்காரவைத்தேன். வண்டி மேலே போகும்போது சொந்தக்காரர் கீழே நிற்பது கௌரவமாக இராது என்று தலைப்பாகையோடு சீட்டில் அமர்ந்தே இருந்தார்.

"இறங்குங்கய்யா, பாரம் தாங்காது."

"தாங்கும்யா. நீ தூக்கு. நானு அசைய மாட்டேன்."

தூக்கினேன். நட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பித்தளைக் கட்டையை அண்டை கொடுத்துத் தட்டி, நாலு ஆணியையும் வெளியே எடுத்தேன். புது ஆணிகளை நானே லேத்தில் கடைந்துவைத்திருந்தேன். நல்ல எஃகு. ஒவ்வொன்றின் தலையிலும் என் அடையாளம், மூன்று புள்ளி குத்தியிருக்கும். உள்ளே புதுப் பித்தளைக் குழல், கொழுப்பு, நட்டு, நட்டு கழலாதபடி குறுக்கே முள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேலை. பழைய ஆணிகளில் வழக்கப்படி சிவப்பு பூசினேன். வண்டி நேராக ஓடியது. என் ஆயுளில் அதைவிடச் சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஒரு விஷயம் நடக்காமல் தடுத்தவனுக்கு அத்தாட்சி கிடையாது, ஐயா. ஆணி ஒடியவில்லை. ஒடியாத ஆணியைக் காட்டி, இது ஒடிந்திருக்கும் என்று யாரை நம்பவைப்பது? கன்டிராக்டர் அந்த இடதுபுற ஆணியை ஒரு வெள்ளித் தட்டில் வைத்துக் கூடத்து மேஜைமேல் வைத்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

"இதாம்பா என்னக் கொல்லப் பாத்த ஆணி. நம்ம மேஸ்திரி இதுக்குத் தூக்குத் தண்டன குடுத்துட்டாரு. இன்னும் இருவது வருசம் ஓடியிருக்கும், பாவம்."

கடைத்தெருவில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. 'ஒடஞ்சிபூடும் மேஸ்திரி.' தராசு வாங்கினால், "இன்னா மேஸ்திரி, ஒடஞ்சிபூடுமா?" காய்கறிக்காரி கத்தரிக்காயை எடுத்துக் காட்டி, "காம்பு தாங்குமா பாருங்க" என்பாள். இதெல்லாம் பரவாயில்லை. நானும் வாயுள்ளவன். பத்துக்கு ஒன்பது பேருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

பரவாயில்லாமல் போனது பட்டறையில். புரட்டாசி பிறந்த வாரம் ஒரு கேஜ் கொக்கியில் சிவப்பு பூசி வைத்தேன். ஷிப்டு போர்மன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இதுவும் கன்டிராக்டர் ஆணி மாதிரிதானா மேஸ்திரி?" என்றான். கந்தைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு என் கண்ணெதிரே சிவப்பைத் துடைத்தான். கொக்கியைக் கேஜில் மாட்டினான். பட்டறையே சிரித்தது. அடுத்த ஷிப்டு அந்தக் கொக்கியில் தொங்கிக்கொண்டுதான் கீழே போயிற்று.

ஆறு நாள் ஆள் இறங்கிய பிறகுதான் அது மாற்றப்பட்டது. அந்த ஆறு நாளும் நான் சாப்பிடவில்லை. நான் சொல்லியும் கேட்பாரில்லை. எழுதிக் கொடுத்தால், எழுதியதைக் காட்டிச் சிரித்தார்கள். என் சிவப்புக்கு மறுபடி மதிப்பு வரவேண்டும். வராவிட்டால் ஒரு நாள் ஒரு கேஜ் நிறைய ஆட்கள் சாவார்கள். அதற்கு ஒரே வழிதான் தெரிந்தது. நான் சாகடித்த ஆணி ஒன்று, ஊரார் பார்க்க, நான் சொன்ன இடத்தில் ஒடியவேண்டும். ஆயிரம் பேருக்காக ஒரு ஆணி. நீங்கள் நியாயம் தெரிந்தவர். தராசில் வைத்துப் பாருங்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பகலில் வண்டியைத் துடைத்துவைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டார் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். ஒரு மணி நேர வேலை. இடதுபுற முன் ஆணியைக் கழற்றினேன். கூடத்துத் தட்டிலிருந்த பழைய ஆணியை எடுத்து அந்த இடத்தில் போட்டேன். நான் கடைந்த புது ஆணியில் சிவப்பு பூசித் தட்டில் வைத்தேன். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஆள் அனுப்பி மண்ணெண்ணெயில் துடைத்துப் பாருங்கள். தலையில் மூன்று புள்ளி தெரியும்.

யாருக்கும் ஒரு கீறல்கூட வராது என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன். தமுக்குக்காரன் நடக்கிற வேகம். தெருமுனையில் ஒரு பள்ளம் உண்டு. அதில் சக்கரம் இறங்கும்போது ஆணி ஒடியும். வண்டி மூக்குக் குத்தும். தலைப்பாகை விழும். ஊர் பார்க்கும். நானும் போய்க் குனிந்து பார்த்து, "அப்பவே சொன்னேனே" என்று சொல்வேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் பூஜை. கன்டிராக்டர் எதையும் சின்னதாகச் செய்யமாட்டார். வண்டிக்கு மாலை, விளக்குகளுக்குப் பொட்டு, முன் சக்கரங்களைக் கோத்த இருசு முழுக்கச் சந்தனம், குங்குமம். நான் மாட்டிய பழைய ஆணியின் தலையில் இருந்த சிவப்பும் அந்தக் குங்குமத்தோடு குங்குமமாகப் போய்விட்டது. என் ஸ்பேனர், சுத்தி, ஜாக்கி எல்லாவற்றையும் பலகைமேல் அடுக்கி அதற்கும் பொட்டு. பார்வதம்மா எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்தார். எனக்கு மட்டும் படைப்பதற்கு முன்பே எடுத்துத் தனியாக வைத்திருந்ததைக் கொடுத்தார். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் கொடுப்பார்.

கொடுத்துவிட்டுச் சொன்னார், "நாளைக்கு நானும் வர்றேன் அண்ணே. சாம்பியன் ரீப்ஸ் வரிக்கும். புது ஆணி போட்டாச்சே, இனிமே இன்னா பயம்?"

கன்டிராக்டர் பக்கத்திலிருந்து, "தமுக்கு வாணாம்னுட்டேன். வண்டி இன்னா வேகம் போவுதுன்னு நாளைக்குப் பாத்துடறது. மேஸ்திரி ஆணி இருக்குதே" என்றார். அவர் வாயிலிருந்து என் வேலைக்கு வந்த முதல் பாராட்டு அது.

சாம்பியன் ரீப்ஸ் பாதை, தங்கம் பிரித்த கழிவு மணலைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டை ஒட்டி இறக்கமாகப் போகும், ஐயா. வளைவில் மதகு. நீங்கள் பார்த்திருக்கலாம்.

அந்த இடத்திலேயே மாற்றிவிடத்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஸ்பேனர் பூஜையில். சுத்தி பூஜையில். ஜாக்கி பூஜையில். ஆயுத பூஜையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது. மறுநாள் தசமியன்று கற்பூரம் காட்டி எடுத்துக்கொடுத்த பிறகுதான் தொடலாம். ஊர் வழக்கம். நான் எப்படி மீற முடியும்? என் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அந்த நாளைப்போல நான் கையாலாகாமல் இருந்த நாள் கிடையாது. இதைக் குமாஸ்தா அழுத்தமாக எழுதிக்கொள்ளட்டும்.

விடிந்ததும் போனேன். கற்பூரம் காட்ட ஒன்பது மணி. வண்டி கிளம்ப நல்ல நேரம் எட்டு மணி. இதையும் நான் வகுக்கவில்லை. துரை இஞ்சினைச் சுற்றிவிட்டான். கன்டிராக்டர் அவன் பக்கத்தில் அமர்ந்தார். பார்வதம்மா தேங்காய்த் தட்டோடு வந்து படியில் ஒரு கால் வைத்துவிட்டு நின்றார்.

"ஏறலாமா அண்ணே?"

"நல்லா கேட்ட போ. அவரு ஒடஞ்சிபூடும்பாரு" என்றார் கன்டிராக்டர். சிரித்தார்கள்.

"நீங்க சும்மா இருங்க. அண்ணே, நீங்க சொல்லுங்க. ஏறட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். ஆணி தேய்ந்தது என்று சொன்னால், புது ஆணி ஆச்சே என்பார்கள். புது ஆணி இல்லை என்றால் அது எங்கே என்பார்கள். தட்டில் என்றால், அங்கே எப்படிப் போயிற்று என்பார்கள். ஒரு வார்த்தை சொன்னால் அதன் பின்னால் பத்து வார்த்தை வரிசை கட்டி நின்றது. என்னால் என்ன செய்ய முடியும்? அந்த அம்மா ஒரு காலைப் படியில் வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கம்மா" என்றேன்.

தெருமுனைப் பள்ளத்தை வண்டி தாண்டிப் போய்விட்டது. அந்தப் பள்ளம் என்னைக் கைவிட்டது. அது போன வேகத்தில் பள்ளத்துக்கே தெரிந்திருக்காது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சயனைடு மேட்டுப் பக்கம் ஜனங்கள் ஓடினார்கள். நான் நடந்துதான் போனேன். ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பார்கள்.

வளைவில் ஆணி ஒடிந்து, இருசு ஒரு பக்கம் பின்னால் வாங்கி, வண்டி மதகைத் தாண்டிக் கவிழ்ந்திருந்தது. துரைக்கு இரண்டு கையும் போயிற்று. கன்டிராக்டர் சயனைடு மணலில் எறியப்பட்டு, வெள்ளை பூசிய பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை இல்லை. பார்வதம்மா வண்டிக்கு அடியில் இருந்தார். வண்டியைத் தூக்க நாலு பேர் கூப்பிட்டார்கள். நானும் தோள் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன்பு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், குனிந்து ஆணியைப் பார்த்தேன். நான் சொன்ன இடத்தில்தான் ஒடிந்திருந்தது. மயிரிழை பிசகவில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது, இனியாவது சிவப்புக்கு மதிப்பு வரும் என்று நினைத்தேன். சாவு வீட்டில் கன்டிராக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கூட நின்றவர்கள் யாரும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர் சொன்னார், "பழைய ஆணியே இருந்திருந்தா எம்பொண்டாட்டி இருந்திருப்பாய்யா. இருவது வருசம் ஓடியிருக்குமே. மாத்தாத மாத்தாதன்னு அடிச்சிக்கினேனே."

தட்டிலிருந்த ஆணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இப்போது போலீஸ் ரிப்போர்ட்டும் அதையே சொல்கிறது. 'பிட்டர் புதிதாகச் செய்து பொருத்திய ஆணி தரக்குறைவானதால் விபத்து.' பட்டறையில் என் சாய டப்பாவை வாங்கிவைத்துவிட்டார்கள். நான் கடைந்த ஆணி தரக்குறைவாம். ஐயா, அந்த ஆணியில் யானையைக் கட்டலாம். ஒடிந்தது நான் சாகடித்த பழைய ஆணி. அதை மாட்டியது நான். ஏறச் சொன்னதும் நான். அந்த அம்மாவைக் கொன்றதும் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆட்சேபனை இல்லை. ஆனால் புது ஆணியில் குற்றம் இல்லை என்ற வரி கட்டாயம் இருக்கவேண்டும். முந்தின நாள் எனக்கு ஒரே ஒரு மணி நேரமும் தொடத்தக்க ஒரு ஸ்பேனரும் கிடைத்திருந்தால் இந்த வாக்குமூலத்துக்கே அவசியம் வந்திராது. வழக்கம் என் கையைக் கட்டிவிட்டது.

இனிப் படிவத்தை நிரப்பிக்கொள்ளலாம். பெயர் ஏனோக். தகப்பன் பெயர் டேவிட். மதம், கிறிஸ்து மதம். தொழில், பிட்டர். ஆயுத பூஜையன்று பகலில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று குமாஸ்தா கேட்கிறார். வீட்டில் இருக்கிற இன்னொரு ஸ்பேனரை எடுத்து, என் மனைவி லூயிசாவின் தையல் மிஷினுக்கு ஆணி மாற்றிக்கொண்டிருந்தேன்.